பைசா கோபுரம்: தாங்கப் போன கைகளே தள்ளிவிட்ட வரலாறு

1990 ஜனவரி 7 அன்று இத்தாலியின் பைசா நகரிலுள்ள சாய்ந்த கோபுரத்தின் வாயில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. எண்ணூறு ஆண்டுகளாகச் சாய்ந்தபடியே நின்ற கட்டடத்தை அப்போது மட்டும் அவசரமாக மூடியதற்குக் காரணமான நிகழ்வு பைசாவில் நடக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1989 மார்ச் 17 அன்று, வட இத்தாலியின் பாவியா நகரில் பேராலயத்தை ஒட்டி நின்ற ஊர்க்கோபுரம் முன்னறிவிப்பு ஏதுமின்றி இடிந்து விழுந்து நான்கு பேரைக் கொன்றது. பாவியா கோபுரம் சாய்வுக்காக அறியப்பட்டதல்ல. காலப்போக்கில் அதன் சுவருக்குள் இருந்த கட்டுமானம் தன் சுமையைத் தாங்கமாட்டாமல் நொறுங்கியதே விபத்துக்குக் காரணம். நேராக நின்ற கோபுரத்துக்கே இந்தக் கதி என்றால், அதே வகைச் சுவர் கொண்டு, ஆண்டுதோறும் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டிருக்கும் பைசா கோபுரத்தின் நிலை என்ன என்ற அச்சம் இத்தாலிய அரசை உலுக்கியது.

இதையடுத்து அமைக்கப்பட்ட பன்னாட்டு வல்லுநர் குழு, டூரின் பல்தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மிகேலே யாமியோல்கோவ்ஸ்கியின் தலைமையில், பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மண்ணியல் பொறியாளர் ஜான் பர்லண்ட் அதன் முக்கிய உறுப்பினர்களில் ஒருவர். அவர்கள் எதிர்கொண்ட சிக்கலையும் கண்ட தீர்வையும், அதற்கு முன் கோபுரத்துக்கு நேர்ந்தவற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். இந்த வரலாற்றை முழுதாகப் படிக்கும்போது புலப்படுவது ஒன்று உண்டு. கோபுரத்தைக் காப்பாற்றியவை பெரும்பாலும் வேலை நின்றுபோன காலங்கள். ஆபத்தின் விளிம்புக்குத் தள்ளியவை பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட திருத்தங்கள்.

கட்டடமும் மண்ணும்

பைசா கோபுரம் தனித்து எழுந்த கட்டடம் அன்று. 1063இல் பலெர்மோ துறைமுகத்தில் கைப்பற்றிய செல்வத்தைக் கொண்டு பைசா குடியரசு எழுப்பத் தொடங்கிய பேராலயத்துக்கு உரிய மணிக்கோபுரம் அது. 1173இல் அடித்தளம் இடப்பட்டது. வடிவமைத்தவர் பொனான்னோ பிசானோ என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. தியோதிசால்வி என்று வாதிடுவோரும் உண்டு. இவ்வளவு புகழ்பெற்ற கட்டடத்தின் தச்சர் யார் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை என்பது வியப்புக்குரியதுதான், ஆயினும் முதல் இரு தளங்கள் எழுந்ததுமே மண் இறங்கத் தொடங்கிய வேலைக்குப் பெயர் பொறித்துக்கொள்ள எவருக்கும் மனம் வராததில் வியப்பில்லை.

கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 56 மீட்டர். எடை சுமார் 14,500 டன். இந்த எடை முழுவதும் 20 மீட்டருக்கும் சற்றுக் குறைவான விட்டமுள்ள வட்ட அடித்தளத்தின் மீது, தரைக்குக் கீழ் சுமார் 3 மீட்டர் ஆழத்தில் அமர்ந்திருக்கிறது. சுவரைப் பார்ப்பவர்களுக்கு அது திண்ணிய பளிங்குபோலத் தோன்றும். உண்மையில் வெளிமுகத்திலும் உள்முகத்திலும் மட்டுமே செதுக்கிய பளிங்கு இருக்கிறது; இரண்டுக்கும் நடுவே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பப்பட்டுள்ளன. அந்த நிரப்புக்குள்ளேயே சுழல் படிக்கட்டும் குடைந்து செல்கிறது. தெற்குப் பக்கத்தில், முதல் தளத்துக்கு மேலே சுவரின் கனம் குறையும் இடமும் படிக்கட்டின் குடைவும் ஒன்றுசேர்கின்றன. சாய்வால் கூடும் அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய பளிங்கு ஓட்டின் மீது விழுந்தது.

கீழே இருக்கும் மண்ணோ ஆற்றுமுகத்து வண்டல். ஆர்னோ, செர்க்கியோ ஆறுகளும் பழைய கடலும் கொண்டுவந்து சேர்த்த சமவெளியில் நகரம் அமைந்திருக்கிறது. மேற்புறத்தில் சுமார் 10 மீட்டர் வரை மணலும் வண்டலும் கலந்த சீரற்ற அடுக்கு. அதற்கடியில் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை மென்மையான கடல் களிமண். அதற்கும் கீழே இறுகிய மணல். நிலத்தடி நீர் தரையிலிருந்து ஓரிரு மீட்டரிலேயே நிற்கிறது. இத்தகைய நிலத்தில் கோபுரம் மட்டும் சாய்ந்திருந்தால்தான் வியப்பு. பேராலயத்துக்கு எதிரிலுள்ள திருமுழுக்கு மண்டபமும் சற்றே சாய்ந்திருக்கிறது. நகரின் வேறு பகுதிகளில் புனித நிக்கோலாஸ் ஆலயத்தின் மணிக்கோபுரமும், ஆர்னோ கரையோரத்துப் புனித மிக்கேல் ஆலயத்தின் மணிக்கோபுரமும் சாய்ந்தே நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் கையை நீட்டிக் கோபுரத்தைத் தாங்குவதுபோல் படமெடுத்துக்கொள்ளும் புல்வெளியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் காணக்கூடிய இவற்றைப் பெரும்பாலோர் பார்க்காமலேயே திரும்புகின்றனர்.

நின்றுபோன வேலை

கட்டுமானம் மூன்று கட்டங்களாக நடந்தது. 1178 வாக்கில், நான்காம் தளத்தை எட்டிய நிலையில், வேலை நின்றது. ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குப் பின் 1272இல் ஜியோவானி தி சிமோனே மீண்டும் தொடங்கினார். ஆறாண்டுகளில் ஏழாம் தளம் வரை எழுப்பிய பின் மறுபடி நின்றது. 1284இல் மெலோரியா கடற்போரில் ஜெனோவாவிடம் தோற்ற பைசா குடியரசு, பழைய செல்வாக்கை அதன்பின் மீட்கவே இல்லை. மணிகள் தொங்கும் உச்சி மண்டபம் 1360க்குப் பிறகே தொம்மாசோ பிசானோவின் பொறுப்பில் கட்டப்பட்டது. தொடக்கம் முதல் முடிவு வரை இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

போரும் பணமுடையும் உண்டாக்கிய இந்தத் தாமதமே கோபுரத்துக்கு உயிர் கொடுத்தது. நீர் நிறைந்த களிமண்ணின் மீது சுமை ஏறும்போது, முதலில் அச்சுமையைத் தாங்குவது மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீர்தான். அந்நீர் மெல்ல வெளியேறிய பிறகே துகள்கள் நெருங்கி மண் இறுகி வலுப்பெறும். களிமண்ணில் இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். 1178இல் நிறுத்தாமல் தொடர்ந்து கட்டியிருந்தாலும், 1278இல் நிறுத்தாமல் மேலே சென்றிருந்தாலும், அடியிலிருந்த மண் பிதுங்கிக் கோபுரம் அன்றே கவிழ்ந்திருக்கும் என்பதைப் பிற்காலக் கணக்கீடுகள் காட்டுகின்றன. இரு இடைவெளிகளிலும் களிமண் இறுகி, அடுத்த கட்டச் சுமைக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டது.

பலரும் அறியாத செய்தி மற்றொன்று உண்டு. கோபுரம் முதலில் சாய்ந்த திசை தெற்கு அல்ல. 1272இல் வேலை மீண்டும் தொடங்கியபோது அது வடக்கு நோக்கி மிகச் சிறிதளவு, கால் டிகிரிக்கும் குறைவாக, சாய்ந்திருந்தது. மேலும் தளங்கள் ஏறியபோது திசை மாறித் தெற்கே திரும்பி, 1278இல் அரை டிகிரியைத் தாண்டியது. உச்சி மண்டபம் கட்டும் முன்பே சுமார் ஒன்றரை டிகிரியானது. எழுத்து ஆவணம் இல்லாத காலத்துச் சாய்வை இவ்வளவு நுட்பமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு கல்வரிசையின் கனத்தையும் வல்லுநர்கள் சுற்றிலும் அளந்து பார்த்ததுதான். கொத்தர்கள் வரிசைக்கு வரிசை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தில் தடித்த கல்லும் உயர்ந்த பக்கத்தில் மெல்லிய கல்லுமாக வைத்து மட்டத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். எந்த வரிசையில் எந்தப் பக்கம் கல் தடித்திருக்கிறது என்பதே அந்த ஆண்டில் கோபுரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்குச் சாட்சி.

இப்படித் திருத்தித் திருத்திக் கட்டியதால் கோபுரம் நேர்கோடாக இல்லாமல் சற்றே வளைந்திருக்கிறது. உச்சி மண்டபத்தில் இத்திருத்தத்தைக் கண்ணாலேயே காணலாம்: ஏழாம் தளத்து விளிம்பிலிருந்து மண்டபத்தின் தரைக்கு ஏற வடக்குப் பக்கத்தில் நான்கு படிகளும் தெற்குப் பக்கத்தில் ஆறு படிகளும் உள்ளன. இந்த வளைவினால்தான் கோபுரத்தின் சாய்வுக்கு வெவ்வேறு எண்கள் சொல்லப்படுகின்றன. அடித்தளத்தின் சாய்வு 1990இல் 5.5 டிகிரி, அடியையும் உச்சியையும் ஒரே கோட்டால் இணைத்து அளந்தால் எண் குறைந்துவிடும், இன்று அது சுமார் 4 டிகிரி. இக்கட்டுரை பேசுவது அடித்தளத்தின் சாய்வை.

திருத்த வந்தவர்கள்

கட்டி முடிந்த பின்னும் சாய்வு வளர்ந்துகொண்டே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 5 டிகிரியை எட்டியிருந்தது. மண்ணுக்குள் சுமார் 3 மீட்டர் அமிழ்ந்துபோயிருந்த அடிப்பகுதியின் தூண் பீடங்களை மக்கள் பார்க்க வேண்டும் என்று விரும்பிய கட்டடக் கலைஞர் அலெஸ்ஸாண்ட்ரோ கெரார்தெஸ்கா, 1838இல் கோபுரத்தைச் சுற்றி ஒரு நடைபாதைப் பள்ளம் தோண்டினார். பள்ளத்தின் அடிமட்டம் தெற்குப் பக்கத்தில் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே சென்றதால் தண்ணீர் பீறிட்டு உள்ளே புகுந்தது. ஏற்கெனவே அதிகச் சுமை தாங்கிய பக்கத்தில் மண்ணின் பிடிமானம் தளர, சாய்வு திடீரெனக் கூடியது. அழகு காட்டுவதற்காக எடுத்த மண் கோபுரத்தின் காலையே வாரிவிட்டது எனலாம்.

அடுத்த முயற்சி முசோலினியின் காலத்தது. நாட்டின் பெருமைக்குச் சாய்ந்த கோபுரம் இழுக்கு என்று கருதிய ஆட்சி, 1934இல் அடித்தளத்தில் 361 துளைகள் இட்டு டன் கணக்கில் சிமெண்ட் கரைசலைச் செலுத்தச் செய்தது. அடித்தளம் வலுப்பெறும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது, கோபுரம் தெற்கு நோக்கி இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தது. பின்னர் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும், எவரும் கோபுரத்தைத் தொடாமலேயே, சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் அடிமணலிலிருந்து நீரை உறிஞ்சியதால் சாய்வின் வேகம் கூடியது. இறைப்பைக் கட்டுப்படுத்திய பிறகே அது தணிந்தது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். நம் பள்ளிப் பாடங்களில் இக்கோபுரம் நுழைந்தது கலிலியோவின் கையைப் பிடித்துக்கொண்டு. வேறு வேறு எடையுள்ள குண்டுகளை அவர் உச்சியிலிருந்து போட்ட கதை நமக்கு மனப்பாடம். அவர் பைசாவில் பிறந்ததும் அங்கே கற்பித்ததும் உண்மை. குண்டு போட்ட கதையைச் சொல்வது அவருடைய சீடர் விவியானி எழுதிய வரலாறு; கலிலியோவின் சொந்த எழுத்துகளில் இக்கோபுரத்தின் பெயரோடு அச்சோதனை இடம்பெறவில்லை. கோபுரத்தைப் பற்றிய உண்மையான அறிவியல் கதை அதன் உச்சியில் நடந்ததைவிட அடியில் நடந்ததே என்பது என் கருத்து.

1990: நோய் எது?

குழு பொறுப்பேற்றபோது உச்சிப்பகுதி அடியிலிருந்து சுமார் 4.5 மீட்டர் தெற்கே நீட்டிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்துகொண்டும் இருந்தது. கணினியில் மண்ணையும் கோபுரத்தையும் மாதிரியாக அமைத்துப் பார்த்தபோது, 5.44 டிகிரியிலேயே மாதிரிக் கோபுரம் கவிழ்ந்தது. உண்மைக் கோபுரமோ 5.5 டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. விழவேண்டிய கட்டத்தைக் கடந்தும் எந்த நூலிழையில் அது நிற்கிறது என்று சொல்ல இயலாத நிலை அது.

குழுவின் முதல் வெற்றி கருவிகளால் வந்ததன்று. பழைய அளவுக் குறிப்புகளை மறுவாசிப்பு செய்ததால் வந்தது. 1911 முதல் கோணமானியால் சாய்வு முறையாக அளக்கப்பட்டு வந்தது. பின்னர் அடித்தளத்தின் மட்டமும் துல்லியமாகக் குறிக்கப்பட்டது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, தெற்கு விளிம்பு மண்ணில் புதைந்துகொண்டே போவதால்தான் சாய்வு வளர்கிறது என்ற பொது எண்ணம் முழு உண்மையல்ல என்று தெரிந்தது. அடித்தளத்தின் மையம் கீழிறங்கவே இல்லை; தெற்கு விளிம்பு இறங்க இறங்க, வடக்கு விளிம்பு மேலெழும்பிக்கொண்டிருந்தது. மண்ணுக்கு வலிமை போதவில்லை என்பதைவிட விறைப்பு போதவில்லை என்பதே சிக்கல். இலவம்பஞ்சு மெத்தையின் மீது செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மெத்தை கிழியாவிட்டாலும், ஓர் உயரத்துக்கு மேல் அடுக்கு நிற்காது. சிறிதளவு சாய்ந்ததும் சாய்வே மேலும் சாய்வை உண்டாக்கும். கோபுரம் அந்த உயரத்தின் எல்லையிலேயே கட்டப்பட்டிருந்தது.

இன்னொரு கண்டுபிடிப்பு, நகர்வின் ஊற்று ஆழத்துக் களிமண்ணைவிட மேலடுக்கு வண்டலில் இருந்தது என்பது. இலையுதிர்காலம் தொடங்கிக் குளிர்காலம் வரை மழை கொட்டும்போது வடக்குப் பக்கத்தில் நீர்மட்டம் மேலேறும். கோபுரம் தெற்கே மிகச் சிறிது நகரும். மழை நின்றபின் முழுதாகத் திரும்பாது. ஆண்டுதோறும் இப்படிச் சேர்ந்த மிச்சமே சாய்வின் வளர்ச்சி.

வடக்கு விளிம்பு எழுகிறது என்று தெரிந்த பின் தற்காலிக மருந்து எளிதாயிற்று. முதலில், 1992இல், நொறுங்கும் ஆபத்திலிருந்த இரண்டாம் தளப்பகுதியைச் சுற்றி மெல்லிய எஃகு வடங்கள் இறுக்கிக் கட்டப்பட்டன. 1993இல் அடியைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் வார்க்கப்பட்டு, அதன் வடக்குப் பக்கத்தில் 600 டன் ஈயக் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. அளந்த காலம் முதல் சாய்ந்துகொண்டே போன கோபுரம் முதன்முறையாக, மிகச் சிறிதளவே ஆனாலும், வடக்கு நோக்கித் திரும்பியது.

1995 செப்டம்பர்

இங்கே நிறுத்திக்கொண்டு அடுத்த படியை நிதானமாக யோசித்திருக்கலாம். ஆனால் பளிங்குக் கோபுரத்தின் அடியில் ஈயக் குவியல் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்ற புகார் வலுத்தது. ஈயத்துக்கு மாற்றாக, வடக்குப் பக்கத்தை ஆழத்து மணலில் ஊன்றிய எஃகு நங்கூரங்களால் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கலாம் என்று திட்டமிடப்பட்டது. அதற்கு நடைபாதைப் பள்ளத்தின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே, தோண்ட வேண்டும். 1838இன் பாடம் நினைவில் இருந்ததால், நீர் உள்ளே புகாதிருக்க மண்ணைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்துத் தோண்ட முடிவு செய்தார்கள்.

வடக்கில் இது சிக்கலின்றி நடந்தது. தென்மேற்கில் மண்ணை உறைய வைத்தபோது, 1995 செப்டம்பரில், ஓராண்டில் நகர வேண்டிய தூரத்தை ஓரிரு நாள்களில் கடக்கும் வேகத்தில் கோபுரம் தெற்கே நகரத் தொடங்கியது. உறைந்த நீர் விரிந்து மண்ணைத் தூக்க, உருகும்போது மண் தளர்ந்து அமுங்கியதே காரணம். வேலை உடனே நிறுத்தப்பட்டது. வடக்குப் பக்கத்தில் மேலும் 300 டன் ஈயம் அவசரமாக ஏற்றப்பட்ட பிறகே கோபுரம் நின்றது. நங்கூரத் திட்டம் கைவிடப்பட்டது. உலகின் தலைசிறந்த மண்ணியல் வல்லுநர்கள், நேர்மையான எச்சரிக்கையோடு, பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடிக்கு இடங்கொடுத்ததன் விலை இது. கெரார்தெஸ்காவை நாம் எளிதில் குறைசொல்வதற்கு முன் இந்த மாதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எடுத்ததால் நிமிர்ந்தது

இறுதித் தீர்வு புதியதன்று. 1962இலேயே இத்தாலியப் பொறியாளர் பெர்னாந்தோ தெர்ராச்சினா, தாழ்ந்த தெற்குப் பக்கத்தைத் தூக்க முயல்வதைவிட, உயர்ந்த வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்து அதைத் தாழச் செய்யலாம் என்று எழுதியிருந்தார். சொல்லும்போது எளிது, கவிழும் நிலையிலுள்ள கோபுரத்தின் அடியில் மண்ணை எடுப்பதென்றால் எவருக்கும் கை நடுங்கும். 1990களில் மெக்சிகோ நகரப் பேராலயத்தில் இம்முறை பயன்பட்டது நம்பிக்கை தந்தது. பைசாவிலும் திருமுழுக்கு மண்டபத்தின் அருகே ஒரு கான்கிரீட் மேடை கட்டி, அதன் அடியிலிருந்து மண்ணை எடுத்து, அது எப்படித் திரும்புகிறது என்று பார்த்த பிறகே கோபுரத்தின் பக்கம் சென்றார்கள்.

முறை இதுதான். வடக்கே சற்றுத் தள்ளித் தரையிலிருந்து சாய்வாகக் குழாய்கள் இறக்கப்படும். குழாய்க்குள் சுழலும் திருகு, நுனியிலிருந்து சில வாளி மண்ணை மட்டும் வெளியே எடுத்துவரும். திருகைப் பின்னிழுத்ததும் உள்ளே உண்டான சிறு குழி மென்மண்ணால் தானாகவே மூடிக்கொள்ளும். மேலுள்ள அடித்தளம் மயிரிழையளவு கீழிறங்கும். கருவிகள் காட்டும் அளவைப் பார்த்து அடுத்து எந்தத் துளையில் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வார்கள். மண் எதிர்பாராதபடி நடந்துகொண்டால் கோபுரத்தைப் பிடிப்பதற்காக, மூன்றாம் தளத்திலிருந்து வடக்கே நீண்ட பாதுகாப்பு வடங்கள் முன்னதாகவே கட்டப்பட்டிருந்தன.

முன்னோட்டப் பணி 1999 பிப்ரவரியில் தொடங்கியது. முழுப் பணி 2000 பிப்ரவரி முதல் 2001 ஜூன் வரை 41 துளைகள் வழியே நடந்தது. மொத்தமாக எடுத்த மண் 38 கன மீட்டர். நான்கைந்து லாரிகளில் அடங்கிவிடும் அளவு அது. அடித்தளத்தின் சாய்வு 5.5 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 5 டிகிரியாகக் குறைந்தது. உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பியது. இடையில் ஈயக் கட்டிகள் படிப்படியாக இறக்கப்பட்டு, 2001 ஜனவரியில் கடைசிக் கட்டியும் அகற்றப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று வாயில் மீண்டும் திறந்தது.

இத்தீர்வின் தகுதி இரண்டு இடங்களில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, எந்த நாளில் வேண்டுமானாலும் நிறுத்திவிடக்கூடிய வேலை அது. 1838, 1934 வேலைகளில் அதற்கு வாய்ப்பில்லை. மற்றொன்று, அரை டிகிரியோடு நிறுத்தியது. அந்த அளவே தெற்குச் சுவரின் அழுத்தத்தைத் தணிக்கவும் கோபுரத்தை எல்லையிலிருந்து விலக்கவும் போதுமானது. பார்ப்பவர் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

மண்ணெடுப்போடு பணி முடியவில்லை. மழைக்கால நகர்வின் வேரை அறுக்க, வடக்குப் பக்கத்தில் கிணறுகளும் வடிகால்களும் அமைக்கப்பட்டு நீர்மட்டம் ஒரே நிலையில் வைக்கப்பட்டது. 2008இல் கோபுரத்தின் நகர்வு நின்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2018இல் வெளியான கண்காணிப்பு விவரத்தின்படி, திறந்த பின்னரும் உச்சி மேலும் சுமார் 4 சென்டிமீட்டர் நிமிர்ந்திருந்தது.

அதே 2018இல் நிலநடுக்கம் பற்றிய கேள்விக்கும் விளக்கம் கிடைத்தது. 1280 முதல் குறைந்தது நான்கு வலுவான நிலநடுக்கங்களைச் சந்தித்தும் கோபுரம் பெருஞ்சேதமின்றி நின்றது எப்படி என்பதைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைலோனாகிஸ் பங்குபெற்ற குழு ஆராய்ந்தது. உயரமும் விறைப்பும் கொண்ட கோபுரம் மென்மையான மண்ணின் மீது நிற்பதால் அதன் அதிர்வின் இயல்பு மாறி, நிலநடுக்க அலையோடு ஒத்து ஆடுவதில்லை என்பது அவர்கள் முடிவு. சாய்வுக்குக் காரணமான அதே களிமண்ணும் வண்டலுமே நில அதிர்விலிருந்து கோபுரத்தைக் காத்திருக்கின்றன. மண்ணைக் கெட்டிப்படுத்தும் பழைய திட்டங்களில் ஏதேனும் ஒன்று வெற்றி பெற்றிருந்தால், இந்தப் பாதுகாப்பும் குறைந்துபோயிருக்கலாம்.